முதுகுக்கு ஏற்ற சேணம்: ட்ரெஸ்ஸாஜுக்கும் ட்ரெயிலுக்கும்

சேணம் வாங்கப் போகும் புதியவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எனக்கு 17 அங்குலம் சரியாக இருக்குமா?" அந்த எண் இருக்கையின் நீளம். ஏறி உட்காருபவரின் இடுப்புக்கும் தொடைக்கும் உரியது. அவரையும் சேர்த்துச் சுமக்கப்போகும் முதுகைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நானும் முதல் சேணத்தை அப்படித்தான் வாங்கினேன். உட்கார்ந்து பார்த்தேன், மெத்தென்று இருந்தது, தோலின் மணம் வேறு மயக்கியது. மூன்றாவது வாரம், வயிற்றுப்பட்டையைக் கையில் எடுத்தாலே குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. திமிர் என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். குதிரையின் குணமறிந்துதான் கடவுள் கொம்பு கொடுக்கவில்லை என்று பழமொழியே இருக்கிறதே, நானும் நம்பினேன். ஒருநாள் சேணத்தைக் கழற்றிவிட்டுத் தோளுக்குப் பின்னால் விரலால் அழுத்திப் பார்த்தேன். முதுகு சட்டென்று கீழே இறங்கியது. அதற்கு வலித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சேணத்தின் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் எடை இரண்டு உட்காரும் எலும்புகள் வழியாகக் கீழே இறங்குகிறது. அதை வாங்கி, முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடுகிற தசைப் பட்டைகள் மேல் பரப்பிக் கொடுப்பதுதான் சேணம். தலையில் சுமை தூக்குபவர் வைக்கும் சும்மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே குழி இருப்பதால் உச்சந்தலை தப்பிக்கிறது, பாரம் சுற்றிலும் பரவுகிறது. சேணத்துக்கு அடியிலும் இதே காரணத்துக்காக நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. முதுகெலும்பின் மேல் எதுவும் படக் கூடாது.

ஆனால் சும்மாட்டுக்கு இல்லாத ஒரு தொல்லை சேணத்துக்கு உண்டு. அடியில் இருப்பது அசைகிறது, மேலே இருப்பவரும் அசைகிறார். நடையில் குதிரை தாங்கும் விசை நம் எடையைவிடச் சற்றே கூடுதல். ட்ராட் என்கிற துள்ளோட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் அது இரண்டு மடங்கைத் தாண்டும், அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் இன்னும் ஏறும். நிற்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு உறுத்தல், ஓடும்போது ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் குத்தும்.

இனி முதுகு. பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் ஒரு மேடு புடைத்து நிற்கும். குதிரையின் உயரத்தை அளப்பது அந்த இடம் வரைக்கும்தான். இங்கே அதைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பக்கமும் தோள்பட்டை எலும்புகள். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. தோள்பட்டை உடலோடு தசையால்தான் கட்டப்பட்டிருக்கிறது, அதனால் நன்றாகவே நகரும். முன்னங்கால் முன்னே போகும்போது தோள்பட்டையின் மேல்முனை பின்னோக்கிச் சுழலும். அந்த இடத்தில் சேணத்தின் கடினமான பாகம் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் எலும்பு அதில் போய் இடிக்கும். குதிரை என்ன செய்யும்? எட்டி வைக்கிற அடியைக் குறைத்துக்கொள்ளும். நாம் சோம்பேறி என்போம்.

பின்பக்க எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா எலும்புகள், சில அரபுக் குதிரைகளில் 17. விலா எலும்பு இருக்கும் வரைதான் முதுகு சுமை தாங்கும். அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்பு முதுகெலும்புகளுக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் கடைசி விலாவைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் போக்கிலேயே விரலை மேலே முதுகுவரை கொண்டுபோங்கள். வேண்டுமானால் சாக்பீஸால் ஒரு கோடு போடலாம். தோள்பட்டையின் பின்விளிம்பிலும் இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருப்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் நிலம். உயரமான குதிரையாக இருந்தாலும் இந்த இடம் வியப்பூட்டும் அளவுக்குக் குட்டையாக இருக்கலாம்.

சேணத்துக்குள்ளே ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்வதையே நாமும் ட்ரீ என்று சொல்கிறோம். மரம், எஃகு, கண்ணாடியிழை, பிளாஸ்டிக் என்று பலவற்றில் செய்கிறார்கள். முன்பக்கம் அது ஒரு தலைகீழ் 'வி' போல விரிந்து, தோள்மேட்டைக் கவ்வியபடி இறங்கும். இந்த விரிவின் கோணமும், முன்னிருந்து பின்னாக ட்ரீ வளைகிற வளைவும்தான் பொருத்தத்தின் உயிர். தோலும் தையலும் மெத்தையும் பிறகு வருபவை. ஆங்கிலப் பாணிச் சேணத்தில் ட்ரீக்குக் கீழே பேனல் என்று இரண்டு திண்டுகள் இருக்கும், உள்ளே கம்பளி, நுரை அல்லது காற்றுப்பைகள். கம்பளி என்றால் சேண வேலை தெரிந்தவர் கொஞ்சம் எடுத்தோ சேர்த்தோ சரிசெய்யலாம். ஆனால் ட்ரீயின் கோணமே தவறாக இருந்தால் எவ்வளவு கம்பளி திணித்தாலும் பயனில்லை.

'நேரோ', 'மீடியம்', 'வைட்' என்று சேணத்தில் குறித்திருப்பார்கள். அமெரிக்கக் கௌபாய்கள் பயன்படுத்தும் மேற்கத்தியப் பாணிச் சேணத்தில் 'செமி குவார்ட்டர் ஹார்ஸ் பார்', 'ஃபுல் குவார்ட்டர் ஹார்ஸ் பார்' என்பார்கள். இவற்றுக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்ட ஒரே அளவு கிடையாது. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் வைடாக இருக்கும். கோணத்தைச் சொல்லாமல் அகலத்தை மட்டும் சொல்லும் எண்ணும் முழு உண்மை ஆகாது. அதனால் சேணத்தில் குறித்திருப்பதை நம்புவதைவிடக் கையை நம்புவது மேல்.

கையால் பார்ப்பது எப்படி

குதிரை சமதரையில், நான்கு காலும் சதுரமாக, தலை நேரே இருக்கும்படி நிற்கட்டும். அடித்துணி வேண்டாம், வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். சரியான இடத்துக்குச் சற்று முன்னால் வைத்து, மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் ஓரிடத்தில் அது தானாக நின்றுவிடும். அதுதான் அதன் இடம். புதியவர்கள் செய்யும் முதல் தவறே சேணத்தை மிகவும் முன்னால் பூட்டுவது. இப்போது ட்ரீயின் முன்முனை எங்கே இறங்குகிறது என்று தடவிப் பாருங்கள். தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்க வேண்டும். பக்கவாட்டில் தொங்கும் தோல் மடிப்பு தோளின் மேல் படுத்திருப்பதில் தவறில்லை, அது வெறும் தோல். ட்ரீயின் முனைதான் ஏறக் கூடாது.

அப்படியே முன்னால் வந்து நின்று பாருங்கள். ட்ரீயின் சரிவும் தோளுக்குப் பின்னால் உடம்பு சரியும் சரிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா? ட்ரீ குறுகலாக இருந்தால் பொம்மல் என்கிற முன்மேடு தூக்கிக்கொண்டு நிற்கும், இருக்கை பின்னால் சாயும், ட்ரீயின் அடிமுனைகள் சதையில் குத்தும். அகலமாக இருந்தால் நேர் எதிர். பொம்மல் இறங்கித் தோள்மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். பொம்மலுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும் என்பது பொது விதி. தோள்மேடு தட்டையாக இருக்கும் உருண்டை முதுகுக் குதிரைகளில் இடைவெளி இதைவிடக் கூடுதலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மேலே மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், தோள்மேட்டின் பக்கவாட்டிலும் விரல் போக வேண்டும். நிறைய சேணங்கள் பக்கவாட்டில்தான் கிள்ளுகின்றன.

பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். வாய்க்கால் வழியாக மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். அகலம் மூன்று நான்கு விரல் இருக்கட்டும், முன்னிருந்து பின்வரை ஒரே சீராக. முன்னால் அகன்று பின்னால் குறுகும் சேணங்கள் நிறைய உண்டு. திரும்பும்போது முதுகெலும்பு வளைந்து அந்தக் குறுகலில்தான் மாட்டும்.

அடுத்ததைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பேனலுக்கும் முதுகுக்கும் நடுவே முன்னிருந்து பின்னாகக் கையை நகர்த்துங்கள். அழுத்தம் எங்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அழுத்தி, நடுவில் மட்டும் கை சுலபமாகப் போனால் சேணம் பாலம் போல நிற்கிறது என்று பொருள். முழு எடையும் நான்கு மூலைகளில் இறங்கும். நடுவில் அழுத்தி, முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டிருந்தால் சேணம் தொட்டில் போல ஆடும். ஒரு கையைப் பொம்மலிலும் மறு கையைக் கேன்டில் என்கிற பின்மேட்டிலும் வைத்து மாறி மாறி அழுத்தினால் இது உடனே தெரிந்துவிடும். இரண்டில் பாலம் கொஞ்சம் ஏமாற்றுக்கார வகை. அசையாமல் உறுதியாக நிற்பதால், நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றே தோன்றும்.

குதிரையின் இரண்டு தோள்களும் ஒரே பருமனில் இருப்பது அபூர்வம். சேணத்தைப் பெரிய தோளுக்குப் பொருத்திவிட்டு, சிறிய பக்கத்தை மெல்லிய திண்டு வைத்துச் சமப்படுத்துவார்கள். சிறிய பக்கத்துக்கு அளவெடுத்தால் பெரிய தோள் நெரிபடும்.

வயிற்றுப்பட்டை எங்கே உட்காருகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. முழங்கைக்குப் பின்னால், வயிறு குறுகும் இடத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பள்ளம் உண்டு. பட்டையை எங்கே கட்டினாலும் நடக்க நடக்க அது அந்தப் பள்ளத்துக்குப் போய்விடும். பள்ளம் மிக முன்னால் இருக்கிற குதிரையில், சேணத்திலிருந்து பின்னால் இறங்கும் பட்டை முன்னுக்குப் போகும்போது சேணத்தையும் தோள் மேல் இழுத்துக்கொண்டே போகும். சேணம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் இது நடக்கும். பட்டை வார்கள் முன்னால் இறங்கும்படி அமைந்த சேணமோ, முழங்கைக்கு வளைந்து வழிவிடும் பட்டையோ இதற்குத் தீர்வு. இன்னும் இறுக்கிக் கட்டுவது தீர்வே இல்லை.

இதெல்லாம் ஆள் இல்லாதபோது பார்த்தது. ஏறி உட்கார்ந்ததும் பொம்மலின் கீழ் இடைவெளியை மறுபடி பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள். ட்ராட்டில் கேன்டில் மேலும் கீழும் குதிக்கிறதா, சேணம் ஒரு பக்கமாக நழுவுகிறதா என்று பின்னாலிருந்து யாராவது பார்க்கட்டும். ஒரு பக்க நழுவலுக்குச் சேணம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பின்னங்காலில் நொண்டல் இருந்தாலும், அது கண்ணுக்குத் தெரியாத அளவு லேசாக இருந்தாலும், சேணம் நழுவும். இங்கே சேணக்காரருக்கு முன்னால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவது நல்லது.

கழற்றிய பிறகு வியர்வைத் தடத்தைப் பாருங்கள். வாய்க்கால் ஓடிய இடம் உலர்ந்திருப்பது சரி. பேனல் பட்ட இடம் சீராக நனைந்திருக்க வேண்டும். நனைந்த பரப்புக்கு நடுவே ஒரு கையளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது வியர்வையே வராத அளவுக்கு அழுத்தியிருக்கிறது. எது என்று கையால் தடவித்தான் முடிவு செய்ய முடியும். தோள்மேட்டின் பக்கங்களில் வெள்ளை முடி முளைத்திருந்தால், அது பழைய சேணம் ஒன்று எழுதிவிட்டுப் போன கணக்கு.

குதிரை சொல்வதையும் கேட்க வேண்டும். வாலை ஓயாமல் சுழற்றுவது, வாயைத் திறப்பது, காது பின்னால் போவது, கேன்டரில் காலை மாற்றி மாற்றி வைப்பது இவையெல்லாம் முரட்டுத்தனம் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டன. சவாரியின்போது தெரியும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு, எட்டோ அதற்கு மேலோ ஒரே குதிரையிடம் தெரிந்தால் தசை, எலும்பு வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும் முறையைக் கால்நடை மருத்துவர்கள் இப்போது பயன்படுத்துகிறார்கள்.

ட்ரெஸ்ஸாஜ் சேணம்

ட்ரெஸ்ஸாஜ் என்பது வட்டம், வளைவு, திருப்பம், நிறுத்தம் என்று குதிரையும் ஆளும் நுணுக்கமாகப் பேசிக்கொள்ளும் சவாரி. ஆளின் கால் நீளமாகக் கீழே தொங்க வேண்டும், இடுப்பு குதிரையின் அசைவோடு போக வேண்டும். அதனால் இந்தச் சேணத்தில் பக்கத் தோல் நீளமாக, ஏறக்குறைய நேராகக் கீழிறங்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டி விதியும் இப்படிப்பட்ட ஆங்கிலப் பாணிச் சேணத்தைத்தான் கேட்கிறது. இருக்கை ஆழமாக இருக்கும். பட்டை வார்கள் நீளமானவை, பட்டை குட்டையானது, கொக்கி தொடைக்கு அடியில் வந்து உறுத்தாமல் கீழேயே போய்விடும்.

தொடைக்கு முன்னால் வைக்கும் திண்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இப்போது இந்தத் திண்டுகள் பெருத்துக்கொண்டே போகின்றன. கால் அசையாமல் இருப்பது பார்க்க அழகுதான். ஆனால் புதியவரின் தொடையை அது ஒரே இடத்தில் பூட்டிவிடுகிறது, இடுப்பும் கூடவே இறுகுகிறது. சிறிய திண்டில் தொடங்குவதே நல்லது.

இருக்கை அளவை இங்கே பார்த்துவிடலாம். ஆங்கிலப் பாணியில் பொம்மலின் பக்கத்து ஆணித்தலையிலிருந்து கேன்டிலின் நடுவரை அளப்பார்கள். பெரியவர்களுக்கு 16 முதல் 18½ அங்குலம் வரை. மேற்கத்தியச் சேணத்தில் அளக்கும் விதமே வேறு, ஏறக்குறைய இரண்டு அங்குலம் குறைவாக வரும். ஆங்கிலப் பாணியின் 17 அங்கே 15. உட்கார்ந்தபின் பிட்டத்துக்குப் பின்னால் ஒரு கையகலம் மிஞ்ச வேண்டும். எடையைவிடத் தொடையின் நீளம்தான் இந்த அளவைத் தீர்மானிக்கிறது. நீண்ட தொடை உள்ள ஒல்லியானவருக்குப் பெரிய இருக்கை தேவைப்படலாம். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தது போலக் கால் முன்னே போனால், கால் வைக்கும் அங்கவடி தொங்குகிற கொக்கி உங்களுக்கு மிக முன்னால் இருக்கிறது, அல்லது சேணமே பின்னால் சாய்ந்திருக்கிறது. முதல் காரணம் உங்களுக்கும் சேணத்துக்கும் ஆகவில்லை என்பது. இரண்டாவது என்றால் ஆகாதது குதிரைக்கு.

ட்ரெயில் சேணம்

ட்ரெயில் சவாரியில், அதாவது காட்டுப்பாதையில் வெகுநேரம் போகும் சவாரியில், கணக்கு மாறுகிறது. நுணுக்கத்தைவிட நேரம் முக்கியம். மைதானத்தில் 45 நிமிடம் தாங்கும் சேணம், மேடும் பள்ளமுமான பாதையில் ஐந்து மணி நேரம் தாங்காமல் போகலாம். இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றவை குதிரைப்படைகள். நெடுந்தூர அணிவகுப்பில் முதுகுப் புண்ணால் அவை ஏராளமான குதிரைகளை இழந்திருக்கின்றன. அமெரிக்க ராணுவம் 1859இல் ஏற்ற மெக்லெலன் சேணத்தில் முதுகெலும்புக்கு நேர்மேலே நீளமாகத் திறந்தே விட்டிருப்பார்கள். ஆளுக்கு அது அவ்வளவு சுகமில்லை, ஆனால் காற்று புகும், எலும்பில் எதுவும் படாது.

ட்ரெயிலுக்கு மேற்கத்தியச் சேணம் பலரின் தேர்வு. அதன் ட்ரீயில் இரண்டு நீண்ட பட்டைகள் எடையை அகலமாகப் பரப்பும். சாமான் கட்ட வளையங்களும் வார்களும் இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அதில் கம்பளிப் பேனல் கிடையாது, அடியில் ஆட்டுரோமப் படலம் மட்டுமே. எனவே ட்ரீயின் வடிவம் முதுகோடு ஒத்துப்போக வேண்டும், பின்னால் திணித்துத் திருத்த இடம் குறைவு. இரண்டு, அது நீளம். குட்டை முதுகுக் குதிரையில் பின்பக்கத் தோல் இடுப்பெலும்பில் இடிக்கும். பின்மூலைகளை வட்டமாக வெட்டிய சேணங்கள் இதற்காகவே வருகின்றன. எடையும் ஒரு விஷயம். ட்ரெஸ்ஸாஜ் சேணத்தைப் போல இரண்டு மடங்கு கனப்பது சாதாரணம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டி. 2008இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 8 குதிரைகளை 15, 20, 25, 30 சதவீதச் சுமையோடு ஓட்டினார்கள். 25, 30 சதவீதத்தில் தசை வலியின் அறிகுறிகள் கூடின.

நெடுந்தூரச் சவாரிக்கென்று செய்யும் எண்டியூரன்ஸ் சேணம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பரந்த தாங்குபரப்பு இருக்கும், மேற்கத்தியச் சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு இருக்காது, எடை குறைவு. எந்த வகையாக இருந்தாலும் ஏற்றத்தில் சேணம் பின்னுக்கும் இறக்கத்தில் முன்னுக்கும் நகரப் பார்க்கும். மார்புப்பட்டையும் வால்பட்டையும் கொஞ்சம் உதவும். பொருந்தாத சேணத்தை அவற்றால் கட்டிப்போட முயன்றால் புண் வேறு இடத்துக்கு மாறும், அவ்வளவே.

இரண்டுக்கும் ஒரே சேணம் போதுமா? தொடக்க நிலையில் போதும். குதிரைக்குப் பொருந்தும் ட்ரெஸ்ஸாஜ் சேணம் இருந்தால், அங்கவடியை இரண்டு துளை உயர்த்திக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் தாராளமாகக் காட்டுப்பாதையில் போகலாம். நாள் முழுக்கப் போவது வழக்கமானால் தனிச் சேணம் தேவை. தலைகீழாக, மேற்கத்தியச் சேணத்தில் ட்ரெஸ்ஸாஜ் பயிற்சியைத் தொடங்குவதும் நடக்கிற காரியம்தான்.

ட்ரீயே இல்லாத சேணங்களும் உண்டு. எடை குறைந்த ஆள், குறுகிய நேரம் என்றால் சிலருக்குச் சரிப்படுகிறது. ட்ரீ இல்லாததால் எடை பரவுவது குறையும், அங்கவடி வாரின் கீழ் அழுத்தம் குவியலாம். எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் என்று விற்பதை மட்டும் நம்பாதீர்கள்.

அடித்துணி விஷயம். இறுக்கமான சேணத்துக்குக் கீழே தடித்த மெத்தை வைத்தால் இறுக்கம் கூடும். அகலமான சேணத்தை மெத்தையால் தற்காலிகமாகச் சரிக்கட்டலாம், குறுகலானதைச் சரிக்கட்டவே முடியாது. சந்தேகம் வந்தால் சற்று அகலமானதை எடுங்கள்.

பழைய சேணம் வாங்கினால் ட்ரீ உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பொம்மலை வயிற்றில் அணைத்துக்கொண்டு கேன்டிலை உங்கள் பக்கம் இழுங்கள். லேசான நெகிழ்வு இயல்பு, மடிவதோ கிறீச்சென்ற சத்தமோ வந்தால் வேண்டாம். பேனலைக் கவிழ்த்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒரே வடிவமா என்பதும் தெரியும்.

இன்று பொருந்திய சேணம் அடுத்த ஆண்டும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கம்பளி அமுங்கும். இளங்குதிரை ஆறேழு வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் முதுகுத் தசை தடித்து முதுகு அகலும், மாதக்கணக்கில் ஓய்வில் இருந்தால் வற்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு சாக்பீஸ் கோடுகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். புதிய சேணத்தை முழுசாக வாங்குவதற்கு முன் சில நாள் ஓட்டிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விட்டால் ஒரு நாளாவது நீண்ட இறக்கத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில், சேணம் வைப்பதற்கு முன், முதுகின் இரு பக்கமும் விரல்நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். குதிரை அசையாமல் வைக்கோல் மென்றுகொண்டிருந்தால் பணத்தை எடுக்கலாம்.